வெண்வாற் கடற்கழுகும் ஒளிப்படக் கலையும்

இயற்கையை நோக்குதல் வேறு. அதனைக் கைப்பற்றுதல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை மனிதன் எளிதிற் கற்றுக்கொண்டானல்லன். அரிய பறவையொன்றைக் கண்டவிடத்து அதனைச் சுட்டு வீழ்த்தி, உட்பஞ்சு அடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பதே இயற்கையறிவின் அடையாளம் எனக் கருதப்பட்ட காலமும் இருந்தது. அக்காலம் மறைந்து, பறவையை அதன் இருப்பிடத்திலேயே இருக்கவிட்டு அதன் உருவை மாத்திரம் எடுத்துச் செல்லும் காலம் பிறந்த வரலாற்றை, ஸ்கொட்லாந்தின் மேலைக் கடற்கரையிற்போலத் தெளிவாகக் காணக்கூடிய இடங்கள் உலகிற் சிலவே. வெண்வாற் கடற்கழுகு என்னும் பெரும் பறவை அக்கரையில் கொன்றொழிக்கப்பட்டது. பின்னர் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டது. இன்று அதனைக் காண்பதற்கென்றே மக்கள் அங்கு செல்கின்றனர். ஆயினும், கைப்பற்றும் வேட்கை துப்பாக்கியோடு ஒழிந்துவிட்டதா, அன்றிக் கமராவினுள்ளும் புகுந்துகொண்டதா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

கரையின் இயல்பு

ஸ்கொட்லாந்தின் மேலைக் கரை நேர்கோடாக அமைந்ததன்று. பனியுகத்திற் பனிக்கட்டியாறுகள் அகழ்ந்த பள்ளத்தாக்குகளினுட் கடல் புகுந்தமையால், அக்கரை எண்ணற்ற நீண்ட கடற்கழிகளாகவும் முனைகளாகவும் தீவுகளாகவும் சிதறிக் கிடக்கின்றது. ஸ்கை, றம், 'மல்' என்பன அத்தீவுகளுட் சில. இவற்றின் பெரும்பகுதி ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய கரும்பாறையால் ஆயது. மல் தீவின் உச்சியாகிய பென் மோர் 966 மீற்றர் உயரமுடையது. அதன் அடிவாரத்தைக் கடற்கழியே வந்து தொடுகின்றது.

இத்தகைய கரை இரைகவர் பறவைகளுக்கு ஏற்றதாதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மனிதனும் விலங்கும் எளிதில் அணுகவியலாத பாறைச் சுவர்கள் கூடு கட்டுதற்குப் பாதுகாப்பளிக்கின்றன. இரண்டாவது, கடலிலிருந்து வீசும் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேனோக்கி எழுகின்றது. அவ்வெழுகாற்றின்மீது கனத்த உடலையுடைய கழுகு சிறகடியாமலே மிதக்கவியலும். மூன்றாவது, மீன், கடற்பறவை, முயல், இறந்த ஆடுமாடுகளின் உடல், கரையொதுங்கிய பிணம் ஆகிய பல்வகை உணவு ஒரே இடத்திற் கிடைக்கின்றது.

இக்கரையில் வாழும் இரைகவர் பறவைகளுள் மூன்று தலையாயவை. பாறைச் சுவர்களில் வாழும் பைரி உருவிற் சிறியதாயினும், உயரத்திலிருந்து இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எய்துவது. பொன்னிறக் கழுகு மலைச்சாரலுக்கு உரியது. எனினும் தீவுகளிற் கடலோரத்துக்கும் இறங்கிவரும். வெண்வாற் கடற்கழுகோ இவை யாவற்றினும் பெரியது. விரித்த சிறகுகளின் அகலம் 2.4 மீற்றர் வரையுமாகும். முதிர்ந்த பறவையின் வால் தூய வெண்ணிறமானது. அலகும் கண்ணும் மஞ்சள் நிறமானவை. ஸ்கொட்லாந்தின் பழைய மொழியாகிய கேலிக்கில் இதனை 'ஞாயிற்றின் கண்ணையுடைய கழுகு' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். இலங்கையின் கடற்கரைகளிலும் பெருங்குளங்களின் அருகிலும் காணப்படும் வெண்வயிற்றுக் கடற்கழுகு இதற்கு நெருங்கிய உறவினதாகும்.

அழிந்த வரலாறு

கழுகுக்கும் அந்நாட்டு மக்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஓர்க்னித் தீவுகளில் 1958ஆம் ஆண்டு ஓர் உழவர் தம் நிலத்திற் கண்டறிந்த கற்காலக் கல்லறையில், மனித எலும்புகளுடன் கடற்கழுகுகளின் எலும்புகளும் நகங்களும் கிடந்தன. இறந்தோரின் இருப்பிடத்திற் கழுகுக்கும் இடங்கொடுத்த மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்று.

19ஆம் நூற்றாண்டில் இந்நிலை முற்றும் மாறிற்று. மலைநாடு பெரும் ஆட்டுப் பண்ணைகளாகவும் வேட்டை நிலங்களாகவும் ஆக்கப்பட்டபோது, வளைந்த அலகுடைய பறவைகள் யாவும் பகையாகக் கருதப்பட்டன. இடையர் ஆட்டுக்குட்டியைக் காக்கவும், வேட்டைநிலக் காவலர் வேட்டைப் பறவைகளைக் காக்கவும் கழுகைச் சுட்டனர், பொறிவைத்தனர், இறந்த ஆட்டின் உடலில் நஞ்சிட்டனர். பிணந்தின்னும் பழக்கமுடைய கடற்கழுகுக்கு நஞ்சிட்ட இறைச்சியே பெருங்கேடாயிற்று. பறவை அருகிய பின்னரும் அதற்கு ஓய்வில்லை. அருகிய பொருளுக்கு விலை ஏறுமாதலால், முட்டை சேகரிப்போரும் தோல் சேகரிப்போரும் எஞ்சிய கூடுகளைத் தேடி வந்தனர். 1916இல் ஸ்கைத் தீவில் அமைந்த கூடே பிரித்தானியாவில் அறியப்பட்ட இறுதிக் கூடு. 1918இல் ஷெட்லாந்துத் தீவுகளில் துணையின்றி வாழ்ந்த வெண்ணிறப் பெண்கழுகொன்று சுட்டு வீழ்த்தப்பட்டதுடன் அவ்வினம் பிரித்தானியாவில் அற்றுப்போயிற்று.

இவ்வழிவைப் பகைவர் மாத்திரமே செய்திலர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. முட்டை சேகரித்தோர் பலர் பறவைகளை விரும்பியோர். அவற்றைக் குறித்து நூல்களையும் கற்றோர். விருப்பம் மாத்திரம் ஓர் உயிரைக் காத்துவிடாது என்பதற்கு அவர்களே எடுத்துக்காட்டாவர்.

துப்பாக்கியிலிருந்து கமராவுக்கு

இதே காலப்பகுதியிற்றான் மற்றொரு வழியும் திறக்கலாயிற்று. இங்கிலாந்தின் யோர்க்ஷயரைச் சேர்ந்த றிச்சட் கியட்டன், செறி கியட்டன் என்னும் உடன்பிறந்தோர் 1892ஆம் ஆண்டு முதல் பறவைக் கூடுகளை ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினர். 1895இல் வெளியான அவர்களது நூல் பிரித்தானியப் பறவைகளின் கூடுகளை இயற்கை நிலையிலேயே எடுத்த படங்களால் விளக்கியது. கனத்த கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பாறைகளிற் கயிறுகட்டி இறங்கிய அவர்கள், பறவை அஞ்சாதிருக்கும்பொருட்டு உள்ளீடற்ற எருதின் உருவமொன்றைச் செய்து அதனுட் புகுந்திருந்தும் படமெடுத்தனர். ஸ்கொட்லாந்தில் செற்றன் கோர்டன் என்பார் (1886–1977) பொன்னிறக் கழுகின் கூட்டருகே நெடும்பொழுது மறைந்திருந்து அதன் வாழ்க்கையை நோக்கி எழுதியும் படமெடுத்தும் வந்தார்.

இக்கலை இடரற்றதன்று. புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞராகிய எரிக் ஹொஸ்கிங் 1937இல் வேல்சிற் கூட்டைக் காத்த ஆந்தையொன்றால் தாக்கப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். அவர் தொழிலைக் கைவிட்டாரல்லர். எனினும் கூட்டை அணுகுவோன் பறவையின் கண்ணிற் பகைவனே என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி எவர்க்கும் உணர்த்தும்.

நோக்குதலே காவலாகவும் அமையலாம் என்பதை 1959ஆம் ஆண்டு காட்டிற்று. விராலடிப்பான் என்னும் மீன்பிடிப் பறவை ஸ்கொட்லாந்தின் கார்ற்றன் ஏரியருகே மீண்டும் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. 1958இல் அதன் முட்டைகள் களவாடப்பட்டன. மறு ஆண்டு, பறவைகளின் பாதுகாப்புக்கான அரச சங்கத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வாட்டர்ஸ்ரன் ஒரு துணிந்த முடிபு செய்தார். கூட்டை மறைத்துவைப்பதை விடுத்து, தொலைவிலமைந்த காவற்கொட்டிலிலிருந்து பொதுமக்கள் யாவரும் அதனைக் காணலாம் என அறிவித்தார். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 14,000 பேர் வந்து கண்டனர். குஞ்சுகளும் வளர்ந்து பறந்தன. ஆயிரம் கண்கள் நோக்கும் கூட்டைக் கள்வன் அணுகுதல் அரிது என்பது அன்று தெளிவாயிற்று.

மீண்டு வந்த கழுகு

கடற்கழுகை மீண்டும் குடியேற்றும் முயற்சி 1959இலும் 1968இலும் சிறு அளவில் மேற்கொள்ளப்பட்டுத் தோல்வியுற்றது. விடப்பட்ட பறவைகள் மிகச் சிலவாயிருந்தமை அதற்கு ஒரு காரணம். 1975இல் இயற்கைப் பேணற் சபை றம் தீவில் மூன்றாம் முயற்சியைத் தொடங்கியது. நோர்வேயில் இப்பறவை 1968 முதற் சட்டத்தாற் காக்கப்பட்டு நன்கு பெருகியிருந்தது. ஆங்கே பூடோ என்னும் பகுதியில் ஹறால்ட் மிசுண்ட் என்பார் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்துக் கொடுத்தார். பிரித்தானிய அரச விமானப்படையின் விமானங்கள் அவற்றைக் கொண்டுவந்தன. றம் தீவில் ஜோன் லவ் என்னும் உயிரியலறிஞர் அவற்றைப் பேணி வளர்த்து, பறக்கும் பருவத்தில் விடுவித்தார். 1985 வரை இவ்வாறு கொண்டுவரப்பட்ட கழுகுகள் 82.

இப்பறவை முதிர்ச்சியடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆதலின் பயன் விரைவிற் கிட்டவில்லை. 1985இல் மல் தீவில் ஒரேயொரு குஞ்சு வளர்ந்து கூட்டைவிட்டுப் பறந்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின் பிரித்தானியாவிற் பிறந்து பறந்த முதற் கடற்கழுகு அதுவே. 1993 முதல் 1998 வரை மேலைக் கரையின் வடபகுதியில் மேலும் 58 பறவைகளும், 2007 முதல் 2012 வரை கீழைக் கரையில் 85 பறவைகளும் விடப்பட்டன. 2015இல் ஸ்கொட்லாந்தில் இணைகளின் தொகை நூறை எட்டிற்று. அதன் பின்னரும் அத்தொகை பெருகிற்று.

நோக்கும் முறை

கழுகைக் காண விழைவோன் முதலிற் கழுகைத் தேடலாகாது. ஏனைப் பறவைகளைக் கவனித்தல் வேண்டும். கடற்காகங்கள் திடீரெனக் கூச்சலிட்டு எழுந்தாலும், காகங்கள் ஒன்றுகூடி வானில் ஒரு புள்ளியைத் துரத்தினாலும், ஆங்கே கழுகுண்டு என ஊகிக்கலாம். இரைகவர் பறவைகள் பெரும்பொழுதை அசையாது அமர்ந்தே கழிப்பன. எனவே கடலோரப் பாறை, திட்டு, தனிமரம் ஆகியவற்றை இருகண் தொலைநோக்கியால் ஒழுங்காகத் துருவிப் பார்த்தல் வேண்டும். நீர் வற்றும் பொழுது உணவு வெளிப்படுமாதலின், கடல் வற்றுப்பெருக்கின் நேரத்தை அறிந்து செல்லுதலும் பயன்தரும்.

பறக்கும் கழுகு எவ்வினத்தது என அறிதற்குச் சிறகின் நிலை உதவும். பொன்னிறக் கழுகு மிதக்கும்போது சிறகுகளைச் சற்றே மேனோக்கி உயர்த்தியிருக்கும். அதன் வால் நீண்டது. கடற்கழுகு சிறகுகளைப் பலகைபோல் நேராக விரித்திருக்கும். அதன் வால் குறுகி ஆப்பு வடிவினது. கழுத்து முன்னே நீண்டு தோன்றும். அதன் சிறகுகளின் அகலத்தை நோக்கி அந்நாட்டார் 'பறக்கும் கதவு' என நகைச்சுவையாகக் கூறுவர். இளம் பறவையின் வால் வெண்மையாயிராது. ஆதலின் வாலின் நிறத்தை மாத்திரம் நம்புவோன் பிழைபடுவான். கடற்கழுகு விராலடிப்பானைப்போல் நீரினுட் பாய்வதன்று; நீர்மட்டத்தின்மேற் தாழப் பறந்து, கால்களை நீட்டி, மேலே வந்த மீனை அள்ளிச் செல்லும். நீர்நாய் பிடித்த மீனைப் பறித்துண்பதும் அதன் வழக்கம்.

படமெடுக்கும் முறையும் அதன் கணக்கும்

ஒளிப்படக் கலைஞனுக்கு இக்கரை தரும் இடர்கள் பல. கருங்கடலின் முன் பறக்கும் வெண்வால் மிகுந்த ஒளியால் வெளிறிப்போகும். வெண்முகிலின் முன் பறக்கும் பழுப்புநிற உடல் வெறும் நிழலாகும். ஒளியை அளக்கும் பொறி பின்புலத்தைக் கண்டு ஏமாறுமாதலின், அதனைத் திருத்தும் அறிவு கலைஞனிடம் இருத்தல் வேண்டும். பறக்கும் கழுகின் சிறகை அசைவின்றிப் பதிக்க, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ தேவை. காற்று முக்காலியை அசைக்கும். படகு கலைஞனையே அசைக்கும். உப்புத் துவலை வில்லையை மறைக்கும்.

இவையனைத்தினும் பெரிய இடர் தொலைவேயாகும். அதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். படத்தளத்தில் விழும் உருவின் அளவு, வில்லையின் குவியத் தூரத்தைப் பொருளின் அளவாற் பெருக்கிப் பொருளின் தொலைவால் வகுத்தால் வருவது. குவியத் தூரம் 500 மில்லிமீற்றர் உடைய பெரிய வில்லையால், சிறகு 2.4 மீற்றர் விரிந்த கழுகை 500 மீற்றர் தொலைவிலிருந்து எடுத்தால், படத்தளத்தில் அதன் அகலம் 2.4 மில்லிமீற்றரே. படத்தளத்தின் அகலமோ 36 மில்லிமீற்றர். ஆகவே கழுகு படத்தின் பதினைந்தில் ஒரு பங்கே ஆகின்றது. 50 மீற்றர் வரை அணுகினால் உருவம் 24 மில்லிமீற்றராகிப் படத்தின் மூன்றில் இரு பங்கை நிரப்பிவிடும். விலைமிக்க வில்லையாலும் பெறவியலாத பயனை நடந்து சென்ற சில நூறு அடிகள் தந்துவிடுகின்றன. கலைஞனைக் கூட்டை நோக்கி இழுப்பது இக்கணக்கே.

ஆனால் அவ்வடிகளின் விலையைச் செலுத்துவது பறவையாகும். கடற்கழுகு மார்ச், ஏப்பிரில் மாதங்களில் வழக்கமாக இரண்டு முட்டைகளிட்டு, ஏறத்தாழ 38 நாள் அடைகாக்கும். அக்காலத்து ஸ்கொட்லாந்தில் குளிரும் மழையும் நீங்கியிரா. அயலார் வரவால் தாய் கூட்டைவிட்டு எழுந்தால் முட்டை குளிர்ந்து கெடும். காத்திருக்கும் காகம் அதனைக் கவர்ந்து செல்லும். படம் எடுத்தவன் கூட்டின் அழிவைக் காண்பதில்லை. அவன் சென்ற பின்னரே அது நிகழும். அவனிடம் அழகிய படமொன்று இருக்கும். கழுகிடம் அவ்வாண்டுக் குஞ்சு இராது. முட்டை சேகரித்தவனுக்கும் இவனுக்கும் நோக்கத்தில் வேற்றுமையுண்டு; கூட்டைப் பொறுத்தவரை விளைவில் வேற்றுமையில்லை.

இதனைக் கருதியே பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனசீவராசிகள், நாட்டுப்புறச் சட்டம், கடற்கழுகு முதலிய அரிய பறவைகளைக் கூட்டிலோ கூட்டருகிலோ வேண்டுமென்றே கலைத்தலைக் குற்றமாக்கியது. அவற்றைக் கூட்டிற் படமெடுக்க விரும்புவோர் உரிமம் பெறல் வேண்டும். சட்டம் எட்டாத இடத்தும் பறவையே குறிப்புணர்த்தும். அமர்ந்திருக்கும் கழுகு தலையைத் திருப்பித் திருப்பி மனிதனையே நோக்குமாயின், உடலை ஒடுக்கி எழுவதற்கு ஆயத்தமாகுமாயின், கூவியவண்ணம் தலைமேல் வட்டமிடுமாயின், அவன் வரவேண்டிய எல்லையைக் கடந்துவிட்டான். அந்நிலையிற் பின்வாங்குவோனே கலைஞன்.

தொலைவைக் குறையாது படத்தைச் சிறப்பிக்கும் வழிகளும் உள. பறவைகள் நடந்து வரும் மனிதனுக்கு அஞ்சுமளவு நின்ற வாகனத்துக்கு அஞ்சா. ஆதலின் வாகனமே நல்ல மறைவிடமாகும். அமைத்த மறைவிடத்துள் இருவர் புகுந்து ஒருவர் வெளியேறினால், பறவை இருவரும் சென்றதாகக் கருதி அமைதியுறும் என்பது பழைய கலைஞர் கண்ட உத்தி. இவற்றினும் சிறந்த வழி, கழுகைச் சிறிய உருவாகவே ஏற்றுக்கொள்வது. பாறைச் சுவரும் நுரைக்கும் கடலும் முகில் தவழும் மலையும் நிறைந்த படத்தின் ஓரத்தில் மிதக்கும் ஒரு கழுகு, அப்பறவை எத்தகைய உலகில் வாழ்கின்றது என்பதை உரைக்கும். சட்டத்தை நிரப்பிய தலை அதனை உரையாது.

நோக்குவோர் கடன்

கழுகைக் காணவருவோரால் மல் தீவுக்கு ஆண்டுதோறும் 50 இலட்சம் பவுண் வரை வருவாய் கிட்டுகின்றதென 2011இல் வெளியான அறிக்கையொன்று மதிப்பிட்டது. ஒருகாற் கழுகைக் கொன்றவர்க்குப் பரிசளித்த கரை, இன்று கழுகால் வாழ்வு பெறுகின்றது. ஆயினும் இவ்வருவாய் யாவர்க்கும் ஒப்பப் பகிரப்படுவதில்லை. விடுதி நடத்துவோரும் படகோட்டுவோரும் பயன்பெற, ஆட்டுக்குட்டியை இழக்கும் சிறுபண்ணையாளன் நட்டத்தைச் சுமக்கின்றான். கழுகு உண்ட குட்டிகளுட் பல முன்னரே இறந்தவை எனினும், உயிருள்ள குட்டிகளையும் அது கவர்வதுண்டு என்பது மறுக்கவியலாதது. இதனை உணர்ந்தே அந்நாட்டு அரச நிறுவனம் பண்ணையாளர்க்கு உதவும் திட்டமொன்றை நடத்துகின்றது. மகிழ்ச்சி ஒருவர்க்கும் இழப்பு மற்றொருவர்க்குமாக அமையின், எக்காவலும் நிலைத்திராது. பழைய நஞ்சு மீண்டும் வெளிப்படும். இக்காலத்தும் பிரித்தானியாவில் நஞ்சுண்டு இறந்த கழுகுகள் இடையிடையே கண்டெடுக்கப்படுகின்றன.

படகிலிருந்து மீனை எறிந்து கழுகை அருகழைத்துப் படமெடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. கூட்டை அணுகுவதினும் இது தீங்கு குறைந்தது என்பர் சிலர். மனிதனை அஞ்சாத கழுகு, துப்பாக்கியேந்திய மனிதனையும் அஞ்சாது என்பர் வேறு சிலர். இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்றுண்டு. இப்படங்களுட் காணப்படும் நெருக்கம் பறவை தானே விரும்பி அளித்ததன்று. மீன் கொடுத்துப் பெற்றது. அதனைக் காண்போர்க்கு மறைக்காது உரைப்பதே கலைஞனின் நேர்மை.

துப்பாக்கியின் எல்லை குண்டு சென்றெட்டும் தொலைவு. கமராவின் எல்லையை வகுப்பது வில்லையன்று. அதனை ஏந்தியவனின் மனமே. 82 குஞ்சுகளை நாடுவிட்டு நாடு கொணர்ந்து, பத்தாண்டு காத்திருந்து, ஒரு குஞ்சு பறக்கக் கண்ட மக்களின் பொறுமையோடு ஒப்பிடுமிடத்து, ஒரு படத்துக்காகச் சில மணிநேரம் தொலைவிற் காத்திருப்பது பெரிய தவமன்று. பறவை எழாதிருக்க எடுத்த படமே நல்ல படம். எடுத்தவன் சென்ற பின்னும் கழுகு அமர்ந்த பாறையிலேயே அமர்ந்திருக்குமாயின், அவன் கைப்பற்றாமலே கண்டவனாவான்.